பூச்செருகிய கைப்பிடிகள்

நஞ்சைக் கண்டத்தில் நிறுத்தி உலகத்தைக் காத்த பெருமானே, அடியேனுடைய சினத்தையும் கண்டத்தளவில் நிறுத்தி, அது எவரையும் சுடாமல் சொல்லாக மட்டும் வெளிவர அருள்வாயாக.

தை மாதம், வளர்பிறைப் பஞ்சமி, உத்திரட்டாதி கூடிய வியாழக்கிழமை. நீராடி நீறணிந்து இதனை எழுதத் தொடங்குகிறேன்.

ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் நாரையும் பிசினையும் சேர்த்து வார்க்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாரே, தங்கைமாரே, ஓய்வுபெற்றவனாகிய என்னிடம் தொழிலைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தருமாறு கேட்டீர்கள். நல்லதாக எழுத உட்கார்ந்தேன். எழுதுகோலைத் தொட்டவுடன் கோபம்தான் முந்திக்கொண்டு வருகிறது. பல பத்தாண்டுகளாக நெஞ்சில் கிடக்கும் கோபம். பொறுமையைப் பாடுகிற பாட்டுகளை நாள்தோறும் ஓதியும் அது கரையவில்லை. கரையாதது உங்களுக்குப் பயன்படட்டும் என்று இறைவன் விட்டுவைத்தான் போலும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் பிற்பாதி அது. குனோங் ராபாட்டின் சுண்ணாம்புக் குன்றுகளுக்கு அடியில் ரப்பர்ச் சாமான் செய்யும் பட்டறை ஒன்று இருந்தது. அச்சில் இட்டு அழுத்தும் கொட்டகைக்கு நான் பொறுப்பு. பிளாஸ்டிக் என்ற சொல் எங்கள் வாயில் அப்போது புழங்கவில்லை. ரப்பரோடு கந்தகத்தைப் பிசைந்து நெடுநேரம் வேகவைத்தால் கருங்கல்லைப் போல் இறுகிவிடும். அதனை எபோனைட் என்போம். மின்சாரம் அதற்குள் நுழையாது. கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் நீராவியை விட்டுவிட்டு மின்சாரத்துக்கு மாறிக்கொண்டிருந்த காலமாதலால், சுவிட்சுகளுக்கு வேண்டிய எபோனைட் கைப்பிடிகளுக்குக் கிராக்கி மிகுந்திருந்தது.

எபோனைட்டுக்கு ஒரு குறை உண்டு. கண்ணாடியைப் போல் உடையும். அந்நாளைய சுவிட்சு இரண்டு கையாலும் இழுத்துத் தள்ளவேண்டிய முரட்டுப் பொருள்; கைப்பிடி அடிக்கடி முறிந்தது. ஆகவே நார் சேர்க்கத் துணிந்தோம். முதலில் தென்னை நாரைப் போட்டுப் பார்த்தோம். முரட்டு நார், உள்ளே பொந்து விட்டது. பிறகு பீடோர்ப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து அன்னாசி இலையை வரவழைத்து, ஊறவைத்துச் சுரண்டி, பட்டைப் போன்ற நாரைச் சீவியெடுத்து அடுக்கடுக்காகப் பரப்பி அழுத்தினோம். "அன்னாசிய போட்டா கைப்பிடி இனிக்குமா லா?" என்று கொட்டகையே சிரித்தது. வெந்து வந்த முதல் கைப்பிடியைச் சம்மட்டியால் அடித்தபோது சம்மட்டிதான் எகிறியது. அதன் பிறகு எவரும் சிரிக்கவில்லை.

இந்த வித்தையை எனக்குக் கற்பித்தவர் எங்கள் துரை. பெயர் எழுத மாட்டேன், எழுதினால் வசையாகும். சீமையில் முறையாகப் படித்தவர். தோட்டத்துத் தமிழைத் தட்டுத்தடுமாறிப் பேசுவார். என் கையைப் பிடித்து வேலை பழக்கியவர். அவர் எனக்குச் சொன்ன முதல் பாடம் இது: நார் பலம் தரும், ஆனால் நார் குடிக்கும். எபோனைட்டுக்குள் புதைந்திருக்கும்வரை அதற்குத் தண்ணீர் எட்டாது. ஆணி முடுக்கத் துளை போட்டவுடன், அறுபட்ட நாரின் நுனிகளெல்லாம் திறந்த வாய்களாகிவிடும். அந்த வாய்களை வார்னிஷ் பூசி அடைக்கவேண்டும். அடைக்காமல் விட்டால் ஈரம் உள்ளே ஏறும். ஈரம் ஏறிய வழியில் மின்சாரமும் வரும். கைப்பிடிக்குள் முடுக்கிய ஆணி மின்சாரம் ஓடும் செம்புத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். வெளியே பளபளக்கும் கைப்பிடி உள்ளே எமனாக மாறியிருப்பதைக் கண்ணால் காணமுடியாது.

இதை அவர்தாம் சொன்னார். மறந்துவிடாதீர்கள்.

ஒரு புரட்டாசியில் பீடோருக்கு அப்பால் இருந்த சீனர் சுரங்கம் ஒன்றிலிருந்து அவசரக் கட்டளை வந்தது. மழை முன்கூட்டியே பிடித்துக்கொண்டது. குழியிலிருந்து தண்ணீரை இறைக்கும் பம்புகள் ஓயாமல் ஓடவேண்டும். சுவிட்சுக் கைப்பிடிகள் எல்லாம் விரிசல் விட்டு முறிந்துவிட்டன. நவராத்திரி நடந்துகொண்டிருந்தது. அச்சில் எடுத்து, துளை போட்டு, வெளிப்புறம் மெருகேற்றி முடித்தோம். உள்துளைக்கு வார்னிஷ் பூசும் வேலை மட்டும் மிச்சம். மழைக் காற்றில் வார்னிஷ் எளிதில் காயாது. துரை வந்து பார்த்து, உள்ளே பூசவேண்டாம், வெளிப்பூச்சே போதும், பூசை முடிந்தவுடன் சரக்கு போயாகவேண்டும் என்றார். உள்துளையைப் பூசாமல் அனுப்பக்கூடாது என்று நான் சொன்னேன். கேட்டுக்கொண்டு போய்விட்டார். வார்னிஷ் டப்பாவை அறையில் வைத்துப் பூட்டச் சொன்னதுதான் அவர் தந்த பதில்.

ஆயுத பூசையன்று நான் ஈப்போவில் கோயிலில் பதிகம் பாடப் போய்விட்டேன். ஆண்டுதோறும் அது என் கடமை. பட்டறைப் பூசையைக் கருப்பையா மண்டோர் நடத்தினார். மண்டோர் என்றால் ஆட்களுக்கு மேலாளர். நல்ல மனிதர், குரல் பெரியது, பக்தி அதைவிடப் பெரியது. கருவிகளை மட்டுமன்றி அவ்வாண்டு செய்த சரக்கையும் அம்பிகைக்கு முன் படைப்பது எங்கள் பட்டறை வழக்கம். விஜயதசமியன்று மறுபூசை செய்து எடுக்கும்வரை படைத்த பொருளை எவரும் தொடுவதில்லை.

விஜயதசமி காலையில் நான் கொட்டகைக்குள் நுழைந்தேன். கைப்பிடிகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றுக்கும் சந்தனம், குங்குமம். மாவிலையால் தாராளமாகத் தெளித்த மஞ்சள் நீர் அடியில் தேங்கிக் கிடந்தது. ஒவ்வொரு கைப்பிடியின் துளையிலும் ஈரக் காம்போடு ஒரு செம்பருத்தி செருகியிருந்தது. பூச்செருக அளவெடுத்துப் போட்ட துளைகளைப் போலவே இருந்தன. அழகுக்குக் குறைவில்லை. எனக்கோ நீர் குடிக்கும் திறந்த வாய்களாகவே அவை தெரிந்தன.

வாசலில் லோரி நின்றது. சரக்கை ஏற்றிப்போகச் சுரங்கத்திலிருந்து வீராசாமி வந்திருந்தான். பம்புக் கொட்டகையில் சுவிட்சு போடும் ஆள். அந்தக் கைப்பிடிகளைப் பிடிக்கப்போகும் கை அவனுடைய கை. தோட்டத்தில் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவன், கூலி கொஞ்சம் கூடும் என்று சுரங்கத்துக்குப் போனவன். எதையும் கேலியாகவே பேசுவான்.

"சீக்கிரம் குடுங்கண்ணே. நேத்து வரைக்கும் மரக்கிளையில சைக்கிள் டியூபைச் சுத்தி சுவிட்சு போட்டேன். நான் கிளையப் பிடிச்சேனா, கிளை என்னைப் பிடிச்சுதான்னு தெரியல," என்றான்.

அந்தக் கேலியின் பொருள் எனக்கு விளங்கியது. நனைந்த மரக்கிளையோடு அவன் மின்சாரத்தில் கைவைத்துக்கொண்டிருக்கிறான். வெறுங்கையோடு திரும்பினால் மறுபடியும் அந்தக் கிளைதான். இல்லாவிட்டால் பம்பு நிற்கும், குழி நிரம்பும், அவனுடைய தவுக்கே, அதாவது சுரங்கத்து முதலாளி, அவனைத் துரத்திவிடுவார்.

பூக்களை எடுத்துவிட்டு ஒரு கைப்பிடியைத் துடைத்தேன். மறுபூசைக்கு முன் தொட்டதைப் பார்த்து மண்டோர் பாய்ந்து வந்தார். ஈரம் ஏறியிருக்கிறது, இதை அனுப்ப முடியாது என்று சொன்னேன்.

"சாமி தண்ணியால சரக்கு கெட்டுப்போகுமா? பதிகம் பாடுற வாயா இதைச் சொல்லுது?" என்று அவர் கேட்டார். கூட இருந்தவர்கள் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார்கள்.

பட்டறையில் பழைய தொலைபேசிப் பெட்டியிலிருந்து கழற்றிய கைச்சுற்றுப் பொறி ஒன்று இருந்தது. சுற்றினால் உடம்பு உதறும் அளவுக்கு மின்சாரம் தரும், உயிருக்குத் தீங்கில்லை. சரக்கைச் சோதிக்க அதைத்தான் வைத்திருந்தோம். துளைக்குள் ஆணியை முடுக்கி, ஒரு கம்பியை ஆணியிலும் மற்றொன்றை என் இடது கையிலும் கட்டிக்கொண்டு, வலது கையால் கைப்பிடியைப் பற்றி, மண்டோரைச் சுற்றச் சொன்னேன். மின்சாரம் தோள்வரை ஏறியது. பிறகு அவரைப் பிடிக்கச் சொன்னேன். தயங்காமல் பிடித்தார், அம்பிகையின் பெயரை உரக்கச் சொல்லிக்கொண்டே பிடித்தார். நான் ஒரு சுற்றுச் சுற்றினேன். கைப்பிடியை வீசியெறிந்துவிட்டார்.

"அம்மா கோபத்துல இருக்கா. நீ அவ பொருளைத் தொட்டுட்டே," என்றார், கையை உதறிக்கொண்டு.

அப்போதுதான் எனக்குச் சினம் தலைக்கேறியது. "அண்ணே, அவளுக்கு என்ன கோபம்? நாம பாதி வேலைய செஞ்சு படைச்சோம். துளைய அடைக்காம விட்டது நாம. அந்தப் பழிய அவ தலையில வைக்காதீங்க," என்றேன். தம்பிமாரே, தெய்வத்தை நம்புகிறவனுக்கு அரைகுறை வேலையைவிடப் பெரிய அபசாரம் வேறில்லை என்பது என் துணிபு. நாத்திகன் பாதியில் விட்டால் அது சோம்பல். பக்தன் பாதியில் விட்டு அதன்மேல் பூவும் வைத்தால் அது கடவுளுக்கு எழுதிய பொய்ச் சாட்சி.

கூச்சல் கேட்டுத் துரை வந்தார். நடந்ததைச் சொன்னேன். குனிந்து ஒரு துளைக்குள் பார்த்தார், விரலை விட்டார், விரல் நுனியில் மஞ்சள் ஒட்டியது. அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பதை அவர் முகத்திலேயே கண்டேன். நான் எதிர்பார்த்தது ஒரே ஒரு சொல்: 'நிறுத்து'. எனக்குத் தொழில் கற்பித்த வாயிலிருந்து அது வரும் என்று காத்து நின்றேன்.

"வெளியே காஞ்சு போச்சு. லோரில ஏத்து," என்றார்.

"ஏத்துறேன் ஐயா. நீங்க ஒரு தடவை பிடிங்க. நான் சுத்துறேன்."

கைப்பிடியை அவரை நோக்கி நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் கால்சட்டைப் பைகளுக்குள் விட்டுக்கொண்டார். "அது என் வேலை இல்ல," என்றார்.

வீராசாமி அந்தப் பைகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் கேலி இல்லை.

"துரை கை பைக்குள்ள இருக்கு. என் கை எங்கண்ணே போகும்?" என்று என்னிடம் கேட்டான்.

துரை திரும்பி நடந்தார். சற்று நேரத்தில் அவருடைய மோட்டார் வண்டி வெளியேறும் ஓசை கேட்டது. கட்டளை அப்படியே இருந்தது, கட்டளையிட்டவர் இல்லை. இந்த நிலை உங்களுக்கும் ஒரு நாள் வரும். மேலே இருப்பவர் முடிவைச் சொல்லிவிட்டு விளைவுக்கு முன்பே போய்விடுவார். விளைவோடு நிற்கிறவர் நீங்கள்தாம்.

என் முன் இருந்த வழிகளை எண்ணிப் பார்த்தேன். ஈரக் கைப்பிடிகளை ஏற்றினால் கட்டளைக்குப் பணிந்தவனாவேன். எவரும் என்னைக் குறைசொல்ல முடியாது. வீராசாமி செத்தாலும் சொல்லமாட்டார்கள். சூடான மணலில் புதைத்து நிதானமாக உலர்த்தி, துளைகளைப் பூசி அனுப்புவதுதான் முறை. அதற்குப் பல நாள் பிடிக்கும். அதுவரை அவன் கையில் நனைந்த கிளை. சுவிட்சைத் தொடாதே என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்பலாம். அவன் தொடத்தான் போகிறான், குழந்தை குட்டிக்காரன்.

அப்போது ஒன்று நினைவுக்கு வந்தது. துரையின் மேசையில் தாள்கள் பறக்காமலிருக்கப் பழைய கைப்பிடி ஒன்று வைத்திருந்தார். நார் சேர்க்கும் முன் செய்த வெறும் எபோனைட். ஈரம் ஏற அதில் வழியில்லை. ஆனால் பலமும் இல்லை. எந்த நேரமும் முறியலாம். போய் எடுத்துவந்தேன். தண்ணீர் வாளிக்குள் முக்கியெடுத்துத் துடைத்து, கைச்சுற்றுப் பொறியில் மாட்டி, வீராசாமியையே பிடிக்கச் சொல்லிச் சுற்றினேன். சுற்றச் சுற்ற அவன் சிரித்தான். ஒன்றும் வரவில்லை.

அவனிடம் மறைக்காமல் சொன்னேன். "இது ஒடையும். வெடுக்குன்னு இழுக்காத. முடி மாதிரி ஒரு கோடு தெரிஞ்சாலும் நிறுத்திடு. ஒடைஞ்சா பம்பு நிக்கும், அவ்வளவுதான். உன்னைக் கொல்லாது."

மற்றக் கைப்பிடிகளை ஏற்ற விடவில்லை. "நீ பதில் சொல்லிக்க," என்றார் மண்டோர். சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

இந்தத் தேர்வைப் பற்றித்தான் உங்களுக்கு எழுதவேண்டும் என்று நினைத்தேன். பலமான பொருளுக்கும் பலவீனமான பொருளுக்கும் இடையே தேர்ந்தெடுப்பது கடினமன்று. இரண்டு குறைகளுக்கிடையே தேர்ந்தெடுப்பதுதான் கடினம். அவ்வேளையில் நான் கைக்கொண்ட அளவுகோல் இது: கண்ணுக்குத் தெரிந்து கெடுகிற பொருளை நம்பலாம், தெரியாமல் கெடுகிற பொருளை, அது எவ்வளவு பலமானதாயினும், ஒருவன் கையில் கொடுக்கலாகாது. நார் கலந்த எங்கள் கைப்பிடி சம்மட்டிக்கு அசையாது. அந்தப் பலமே அதன் வஞ்சகத்தை மறைத்தது.

நான் எதிர்பார்த்தபடியே பழைய கைப்பிடி நெடுநாள் தாங்கவில்லை. ஒரு காலை சுவிட்சைத் தள்ளும்போது குறுக்காக முறிந்தது. பம்பு அரைநாள் நின்றது. குழியில் தண்ணீர் ஏறியது. தவுக்கே எங்கள் துரையிடம் வந்து கத்தினார். இதற்குள் நான் மற்றக் கைப்பிடிகளை உலர்த்தி, பூட்டிய டப்பாவைத் திறக்கவைத்து, துளைகளுக்கு வார்னிஷ் பூசியிருந்தேன். அவை அன்றே போயின. பல ஆண்டுகள் உழைத்தன என்று கேள்வி.

என்னைத் துரை அழைத்தார். அனுமதியின்றித் தம் மேசையிலிருந்து பொருளை எடுத்ததும், குறையுள்ளது என்று தெரிந்தே அதை வாடிக்கையாளருக்குக் கொடுத்ததும் குற்றம் என்று சொல்லி வேலையிலிருந்து நீக்கினார். இரண்டும் உண்மை. மறுக்க எனக்கு வழியில்லை. சரக்குத் தாமதமானதற்குக் காரணம் கூலிகளின் பூசைத் தண்ணீர் என்று மேலிடத்துக்குத் தெரிவித்ததாகவும், இனிமேல் பட்டறைக்குள் பூசை கூடாது என்றும் சொன்னார். பூட்டிவைத்த வார்னிஷ் டப்பாவைப் பற்றி ஒரு சொல் இல்லை. மண்டோரைச் சாட்சிக்கு அழைத்தேன். வார்னிஷ் விவகாரம் தனக்குத் தெரியாது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். அம்பிகைக்காக என்மீது பாய்ந்தவர், அம்பிகைமேல் பழி விழுந்தபோது வாய் திறக்கவில்லை. அவருக்கும் குடும்பம் இருந்தது, அறிவேன். அறிந்தும் மனம் ஆறவில்லை.

அறியாமையால் செய்பவனை நான் மன்னித்துவிடுவேன். துரை அறியாதவர் அல்லர். அவர் கற்பித்த பாடத்தை வைத்தே நான் அவருக்கு எதிரே நின்றேன். அவருடைய கைகளுக்கு உண்மை தெரிந்திருந்தது. ஆகையால் அவை பைக்குள் போயின. ஒருவர் என்ன அறிவார் என்பதை அவர் பேச்சில் தேடாதீர்கள், தம்பிமாரே. தாம் செய்த பொருளைத் தாமே தொடுகிறாரா என்று பாருங்கள்.

என் துணிமூட்டையோடு நான் வாசலைக் கடந்தபோது, புதிய கைப்பிடிகளை ஏற்றிக்கொண்டிருந்த வீராசாமி லோரியிலிருந்து இறங்கி வந்தான். முறிந்த இரண்டு துண்டுகளையும் துரையிடம் காட்டக் கொண்டுவந்திருந்தான். கையில் வைத்துக்கொண்டு நின்றான். நடந்ததை யாரோ அவனுக்குச் சொல்லியிருந்தார்கள்.

"ஒடைஞ்சதுக்கு உங்க பேரச் சொல்லிட்டாங்க," என்றான். "நான் சாகாம நிக்கிறேனே அண்ணே, இதுக்கு யார் பேரச் சொன்னாங்க?"

முறிந்த கைப்பிடியை எவரும் கையில் எடுத்துக் காட்டலாம். நேராத சாவை எவரும் எடுத்துக் காட்ட முடியாது. அவன் துண்டுகளை லோரிக்குள் எறிந்துவிட்டு, "வாரேண்ணே. தவுக்கே கத்துவான்," என்று சொல்லி ஏறிக்கொண்டான். வண்டி பீடோர்ப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதனைப் படிப்போர் யாவரும், படிக்கக் கேட்போர் யாவரும் நோயின்றி நெடிது வாழ்க. உங்கள் கைகள் செய்தவை பிறர் கைகளைக் காக்க. எரியும் அனலைத் தன் உள்ளங்கையில் ஏந்தியவன், உங்கள் உள்ளங்கைகளுக்கு ஒரு கொப்புளமும் வராமல் காத்தருள்க.